மருந்து அறைக்கு ஒரு பேராசிரியர்

கல்லூரிப் பாடத்திட்டம் தொழில்துறையின் தேவைக்கேற்ப மாற வேண்டும் என்று பேசாத ஆள் இன்று தமிழ்நாட்டில் இல்லை. அமைச்சர் பேசுகிறார். துணைவேந்தர் பேசுகிறார். பட்டமளிப்பு விழாவுக்கு ஏசி காரில் வந்திறங்கிய ஐ.டி. கம்பெனி மனிதவள அதிகாரி பேசுகிறார். அவருக்குப் பொன்னாடை போர்த்திய கல்லூரிச் செயலாளர், அவர் பேசியதையே இன்னொரு முறை பேசுகிறார். கீழே கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் மட்டும் பேசுவதில்லை. அவர்கள்தானே குற்றவாளிகள்! மத்திய அரசின் 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை தீர்ப்பே எழுதிவிட்டது: பட்டதாரிகளில் 51.25 சதவீதம் பேர்தான் வேலைக்குத் தகுதியானவர்கள். அந்தக் கால் சதவீதத்தையும் விடாமல் எண்ணியிருக்கிறார்கள் பாருங்கள். வேலை எத்தனை இருக்கிறது என்று எண்ணும்போது மட்டும் இந்தத் துல்லியம் எங்கே போய்விடுகிறதோ!

மற்ற ஊர்களில் இதைப் பேசினால் சகித்துக்கொள்ளலாம். விருதுநகர் மாவட்டத்துக்கு வந்து, 'தொழில்துறைக்கும் கல்லூரிக்கும் இடையே பாலம் கட்டுவோம்' என்று ஒருவர் மைக் பிடிக்கும்போதுதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அய்யா, இங்கே பாலம் எதற்கு? கல்லூரியைக் கட்டியதே தொழில்துறைதான். சிவகாசியில் 1963-இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி வந்தது. தீப்பெட்டியையும் பட்டாசையும் இந்த ஊருக்குக் கொண்டுவந்த முதலாளிகளில் ஒருவரின் பெயரும் அவர் மனைவியின் பெயரும் அது. 1968-இல் வந்த மகளிர் கல்லூரியின் பெயரிலேயே ஸ்டாண்டர்டு பயர் ஒர்க்ஸ் இருக்கிறது. 1984-இல் மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி. மெப்கோ என்பது உலோகப் பவுடர் கம்பெனி, பட்டாசுக்குள் வெள்ளையாக மின்னுகிறதே, அந்த அலுமினியப் பவுடர் செய்கிற கம்பெனி. 2000-இல் காளீஸ்வரி கல்லூரி. அந்தப் பெயரைப் பட்டாசுப் பெட்டியில் பார்க்காத வீடு தமிழ்நாட்டில் உண்டா?

இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை பொய்த்த கரிசல் பூமியில், பட்டாசுக் காசைக் கல்லூரிக் கட்டடமாக மாற்றியவர்கள் அவர்கள். 1968-இல் இந்த ஊர்ப் பெண்பிள்ளைக்கென்று தனியாக ஒரு கல்லூரி கட்டுவது சாதாரணக் காரியமில்லை. கும்பிட்டுக்கொள்கிறேன். என் கேள்வி வேறு. முதலாளியும் தாளாளரும் ஒரே குடும்பத்தில், சில இடங்களில் ஒரே நாற்காலியில், அறுபது ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கும் ஊரில், பாடத்திட்டமும் தொழிலும் இந்நேரம் தழுவிக்கொண்டு அல்லவா கிடக்க வேண்டும்? ஆனால் இரண்டையும் வெடியுப்பையும் கந்தகத்தையும் போலத் தனித்தனி அறையில், நடுவில் மண்மேடு போட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று உரசினால் ஆபத்து என்று தெரிந்தவர்கள்.

கல்லூரி வாசல் சென்னையையும் பெங்களூரையும் பார்த்துத் திறந்திருக்கிறது. 2022 மார்ச் 1-ஆம் தேதி முதலமைச்சர் தொடங்கிவைத்த 'நான் முதல்வன்' திட்டம், ஆண்டுக்குப் பத்து லட்சம் பிள்ளைகளுக்குத் திறன் ஊட்டுவேன் என்று வந்தது. நல்ல நோக்கம்தான், வழிகாட்ட ஆளில்லாத அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அது ஒரு கதவைத் திறந்தது. கலைக் கல்லூரிக்குள் அது நுழைந்தபோது மைக்ரோசாப்ட் ஆபீஸாகவும் கேம்பிரிட்ஜ் ஆங்கிலமாகவும் நுழைந்தது. வரலாறு படிக்கிற பிள்ளை எக்செல் கட்டத்தில் எண் நிரப்பக் கற்றுக்கொள்கிறது. விலங்கியல் படிக்கிற பிள்ளை, 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற கேள்விக்கு ஆங்கிலத்தில் பதில் ஒப்பிக்கிறது. தப்பில்லை. ஆனால் இதற்குப் பெயர் தொழில்துறையின் தேவை என்றால், எந்தத் தொழில்துறை, எந்த ஊர்த் தொழில்துறை என்று கேட்கலாமா?

ஏனென்றால், இப்படித் தயாரித்து அனுப்பிய பிள்ளைகளுக்கு அங்கே என்ன மரியாதை என்பதையும் பார்த்தோம். 2025 பிப்ரவரியில் இன்போசிஸின் மைசூரு வளாகத்திலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சி ஊழியர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். 2022-இல் படிப்பை முடித்து, வேலைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு ஆண்டுக்கு மேல் கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்த பிள்ளைகள் அதில் உண்டு. உள்தேர்வில் மூன்று வாய்ப்புக் கொடுத்தும் தேறவில்லை என்பது கம்பெனியின் விளக்கம். காத்திருந்த இரண்டு ஆண்டில் கம்பெனியின் தேவைதான் மாறிவிட்டதே, அதற்கு எந்தப் பாடத்திட்டக் குழுவைக் கூட்டுவது? தொழில்துறையின் தேவை காலையில் ஜாவா, மத்தியானம் பைத்தான், சாயந்திரம் ஏ.ஐ., ராத்திரி ஆட்குறைப்பு. பல்கலைக்கழகமோ ஒரு பாடத்திட்டத்தை மாற்ற மூன்று ஆண்டு எடுத்துக்கொள்ளும். காமராசர் பெயரைத் தாங்கிய மதுரைப் பல்கலைக்கழகம், இந்த மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகளுக்குத் தாய்வீடு, 2024-இல் சொந்த ஊழியர்களுக்கு மாதச் சம்பளம் போட முடியாமல் தவித்தது. சம்பளம் வராத பேராசிரியர்தான் வேலை கிடைப்பது எப்படி என்று வகுப்பெடுக்க வேண்டும்!

சரி, சென்னையையும் மைசூருவையும் விடுங்கள். கல்லூரி மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தொழிலைப் பார்ப்போம். நாட்டில் வெடிக்கும் பட்டாசில் 90 சதவீதம் போல இங்கிருந்து போகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள். கலெக்டர் ஆபீஸில் கொடுக்கும் டி.ஆர்.ஓ. லைசென்ஸ், அதற்கு மேலே வெடிபொருள் துறையின் சென்னை லைசென்ஸ், அதற்கும் மேலே நாக்பூர் லைசென்ஸ் என்று ஆலைகளிலும் வர்ணாசிரமம் உண்டு. லட்சக்கணக்கான ஆண்களும் பெண்களும் அன்றாடம் செய்வது என்ன? வேதியியல். சோதனைக்கூட வெள்ளைக் கோட்டு இல்லாமல், பியூரெட் பிப்பெட் இல்லாமல், வெறுங்கையால் செய்யும் வேதியியல்.

வெடிமருந்து கலக்கும் ஒரு மருந்து அறையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வாசலில் ஒரு உலோகத் தகடு. உள்ளே கால் வைக்குமுன் அதைத் தொட்டு உடம்பில் இருக்கிற நிலைமின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். தரையில் ரப்பர் விரிப்பு. உள்ளே நாலு பேருக்கு மேல் கூடாது. இரும்புச் சாமான் கூடாது. நைலான், பாலியஸ்டர் கூடாது, பருத்திதான். கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கக் கூடாது. ஏன் கூடாது? அங்கேதான் பாடம் இருக்கிறது. அலுமினியப் பவுடரும் நைட்ரேட் உப்பும் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் உள்ளுக்குள்ளே மெல்லச் சூடேறும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ராத்திரி முழுக்கக் கமுக்கமாகச் சூடேறிக் கிடந்த மருந்தை, காலையில் வந்து ஒருவர் கை வைத்துக் கிளறுகிறார். அதைத் தடுக்கத்தான் கலவையில் கொஞ்சம் போரிக் அமிலம் சேர்க்கிறார்கள். பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டுப் பிள்ளை அரை மணி நேரத்தில் சொல்லித் தரக்கூடிய சங்கதி இது. கை, புருவம், தலைமுடியெல்லாம் வெள்ளி பூசினாற்போல அலுமினியம் படிந்து ராத்திரி வீடு திரும்புகிற அம்மாவுக்கு, அதே கல்லூரியில் வேதியியல் படிக்கிற மகள், இதைச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு யாரும் சொல்லித் தந்தால்தானே? அவள் 'லீடர்ஷிப் ஸ்கில்ஸ்' படித்துக்கொண்டிருந்தாள்.

விபத்து நடந்தால் மறுநாள் பேப்பரில் காரணம் போட்டிருப்பார்கள்: மருந்தில் உராய்வு. உராய்வுதான் எப்போதும் ஏ-1 குற்றவாளி. உரிமம் ஒருவர் பேரில், உள்குத்தகை நாலு பேரிடம், நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேர், தீபாவளி ஆர்டருக்கு மரத்தடியில் மருந்து, இவர்கள் எல்லாரும் அப்ரூவர்கள்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: சுமார் 40 பேர். முதல் வெடிச் சத்தம் கேட்டுக் காப்பாற்ற ஓடியவர்களும் வேடிக்கை பார்க்க ஓடியவர்களும் அதில் பலர். எரிகிற மருந்துக் கிட்டங்கியை நோக்கி ஓடக் கூடாது என்று அந்தச் சுற்றுவட்டார ஊர்களுக்குச் சொல்ல வேண்டிய பாடம் எந்தப் பாடத்திட்டத்தில் விட்டுப்போனது? 2021 பிப்ரவரி 12, அச்சன்குளம்: இருபதுக்கும் மேல். அதில் ஒருத்தி கல்லூரி மாணவி. 2023 அக்டோபர் 17, ரெங்கபாளையம்: 13 பேர், பெரும்பாலோர் பெண்கள். 2024 மே 9, செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. இடையில் ஒன்று, இரண்டு என்று செத்தவர்களை நான் எழுதவில்லை. அவர்களைப் பேப்பரும் உள்பக்கத்தில்தான் போடும்.

அச்சன்குளத்தில் செத்த அந்த மாணவியைப் பற்றி இன்னும் ஒரு வரி எழுத வேண்டும். கல்லூரிக்கும் தொழிலுக்கும் இடையே பாலம் இல்லை என்கிறார்கள் அல்லவா? அவள்தான் அந்தப் பாலம். இரண்டு பக்கமும் கால் வைத்தவள் அவள்தான். எந்த மேடையிலும் அவள் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

காசுக் கணக்கையும் பார்த்துவிடுவோம், பாடத்திட்டக் குழுவுக்குக் காசுக் கணக்கு பிடிக்கும். மகள் பொறியியல் படித்து, கேம்பஸில் தேறி, சென்னைக்குப் போனால் ஆரம்பச் சம்பளம் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் போல. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தத் தொகை அசையாமல் அங்கேயே நிற்கிறது. தாய் ஆலையில் வெடித்துச் செத்தால் முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து முன்பு 3 லட்சம், 2025-இல் 4 லட்சம். ஆக, படிப்பின் விலையைவிடச் சாவின் விலைதான் ஏறியிருக்கிறது. எந்தத் துறைக்கு எதிர்காலம் அதிகம் என்று வேலைவாய்ப்பு அதிகாரி இதை வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாம்.

2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பேரியம் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும்தான் என்று சொன்னது. நாக்பூர் நீரி ஆராய்ச்சி நிறுவனம் புதுக் கலவை கண்டுபிடித்தது. நூறு ஆண்டுத் தொழிலின் மூல மருந்தே மாறியது. இதைவிடப் பெரிய பாடத்திட்ட மாற்றம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் நடந்ததில்லை. புதுக் கலவை ஆலை முதலாளிகளுக்கு ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தோடு வந்தது. அதாவது, அந்த மருந்துக்குள் கை விட்டுக் கிளறுகிறவளுக்கு அது என்ன மருந்து என்பது ரகசியம். இந்தத் தேசத்தில் அணுகுண்டுக்கு அடுத்து இவ்வளவு கட்டுக்காவல் உள்ள அறிவு இதுதான் போலிருக்கிறது.

ஊரின் சரித்திரத்தைக் கேட்டால் எல்லாரும் பெருமையாகச் சொல்வார்கள்: 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய், மாதக்கணக்கில் தங்கித் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். உண்மை. சொந்தக் காசில் போனார்கள், சொந்தக் கையால் கற்றார்கள். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தைப் பார்த்து, 'எங்கள் தேவைக்குத் தக்கபடி பி.ஏ. பாடத்திட்டத்தை மாற்று' என்று கேட்கவில்லை. தொழிலாளிக்குத் தொழில் பழக்குவது தொழில் செய்கிறவனின் செலவு என்று அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது. இன்று அந்தச் செலவை அரசாங்கத்தின் தலையிலும், மிச்சத்தைக் கல்விக்கடன் வாங்கிய அப்பனின் தலையிலும் கட்டிவிட்டு, 'தரமான ஆள் கிடைப்பதில்லை' என்று புலம்புகிறார்கள். பந்தி முழுக்க ஓசிச் சாப்பாடு, அதில் உப்புக் குறைச்சல் என்று சண்டை.

இந்த மாவட்டத்துக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. 1953-இல் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார்: பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெரியார் அதைக் கொளுத்தி எடுத்தார். 1954-இல் விருதுநகர்க்காரர் காமராஜர் முதலமைச்சரானதும் அதைத் தூக்கி எறிந்தார். பாவம் ராஜாஜி, காலம் தப்பிப் பிறந்துவிட்டார். அதே திட்டத்தை 'பணியோடிணைந்த கற்றல்' என்று பெயர் மாற்றி, பவர்பாயின்ட்டில் போட்டு, இரண்டு கம்பெனியோடு புரிந்துணர்வு ஒப்பந்தமும் போட்டிருந்தால் காமராஜர் பெயரில் உள்ள அரங்கத்திலேயே அவருக்கு வரவேற்பு கொடுத்திருப்பார்கள்.

காமராஜர் எறிந்த திட்டம் எங்கேயும் போகவில்லை என்பதுதான் வேதனை. பாதி நாள் திட்டம் போய், சிவகாசியில் முழு நாள் திட்டமாக முப்பது ஆண்டுக்கு மேல் நடந்தது. விடியுமுன் ஊர் ஊராக ஆலை பஸ் வரும், தூங்கும் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். தீக்குச்சி அடுக்கப் பிஞ்சு விரல்தான் தோது என்று அதையும் 'திறன்' கணக்கில் எழுதியவர்கள் உண்டு. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளை வைத்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அன்றைக்குப் பிஞ்சு விரலோடு குரோஸ் கணக்கில் கூலி வாங்கியவர்கள்தான் இன்றைக்கு மகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு மருந்து அறைக்குள் இருக்கிற அம்மாக்கள்.

அவர்களுக்காக ஒரு யோசனை வைத்திருக்கிறேன். சட்டப்படியான யோசனை. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் 'புரொபசர் ஆஃப் பிராக்டீஸ்' என்று ஒரு பதவியைக் கொண்டுவந்தது. தொழில் தெரிந்தவரைப் பேராசிரியராக நியமிக்கலாம். முனைவர் பட்டம் வேண்டாம், நெட் வேண்டாம், எந்தப் பட்டமுமே கட்டாயமில்லை. பதினைந்து ஆண்டு அனுபவம் போதும். அனுமதிக்கப்பட்ட இடங்களில் 10 சதவீதம் வரை இப்படி நிரப்பலாம். மருந்து செலுத்துவதில் முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஓர் அக்காவை விண்ணப்பம் போடச் சொல்வோம். தேர்வுக் குழு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

"உங்க அனுபவத்தைச் சொல்லுங்கம்மா."

"ஒம்பது வயசுல தீப்பெட்டிக்குப் போனேங்கய்யா. அப்புறம் பட்டாசு. சக்கரம், பூச்சட்டி, பேன்சி ரகம், எல்லாம் தெரியும்."

"பப்ளிகேஷன்ஸ் ஏதும் உண்டா?"

"அப்படின்னா என்னங்கய்யா?"

"நீங்க செஞ்சது வெளியில வந்திருக்கா?"

"வருசாவருசம் தீபாவளிக்கு நாடு பூரா வருதுங்கய்யா."

"இந்தக் கை..."

"ரெண்டாயிரத்துப் பதினாறுல, மணி மருந்து காயவச்ச எடத்துல. இந்த ரெண்டு வெரலு மடங்காது. சாக்பீஸ் பிடிச்சிருவேன்."

"சரி. வேலை கிடைச்சா பிள்ளைகளுக்கு முதல் பாடம் என்ன நடத்துவீங்க?"

"மொதல்ல, ரூம்ல அஞ்சாவது ஆள உக்கார வச்சா எந்திரிச்சு வெளிய வந்துரணும்னு சொல்லுவேன். மருந்து தொட்டாச் சுடுதுன்னா போர்மேன் வர்றவரைக்கும் நிக்கக் கூடாது. முந்துன நாள் மருந்தத் தொடச் சொன்னா மாட்டேன்னு சொல்லணும். லைசென்ஸ் யாரு பேருல இருக்குன்னு கேட்டுட்டுத்தான் உள்ள போகணும். பி.எஃப். சீட்டு கேக்கணும். இதெல்லாம் எங்களுக்கு யாருங்கய்யா சொன்னா? எங்க கூட இருந்தவுகள்ல பாதிப் பேரு இல்ல, அவுகளப் பாத்துத்தான் படிச்சோம்."

குழு தனியாகக் கூடிப் பேசியது. உறுப்பினர்களில் ஒருவர் கல்வியாளர், ஒருவர் அரசுப் பிரதிநிதி, ஒருவர் தொழில்துறைப் பிரதிநிதி. விண்ணப்பதாரரின் அனுபவம் பாராட்டுக்குரியது என்றும், அவர் முன்வைத்த பாடத்திட்டம் தொழில்துறையின் தேவைகளோடு பொருந்தவில்லை என்றும் ஒருமனதாகக் குறிப்பு எழுதப்பட்டது. அந்த இடத்துக்கு ஓய்வுபெற்ற மனிதவள அதிகாரி ஒருவர் நியமிக்கப்பட்டார். நேர்காணலில் கை குலுக்குவது எப்படி என்பது அவருடைய முதல் வகுப்பு.